அஹிஹிக் நகரின் இரவு வாழ்க்கையும் நேரடி இசையும்

அஹிஹிக் என்பது மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், சபாலா ஏரியின் வடகரையில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். குவாதலஹாரா மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சபாலா, மெக்சிகோவின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. ஊரின் மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம். இவர்களில் கணிசமானோர் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து குடியேறிய ஓய்வூதியர்கள். இந்த அளவுள்ள மெக்சிகோ ஊர்களில் ஒரு திருவிழாவும் சில மதுக்கடைகளும் இருந்தாலே பெரிது. அஹிஹிக்கிலோ வாரம் முழுவதும் எங்காவது ஒரு மேடையில் பாட்டு நடக்கிறது. ஆனால் இங்கு இருப்பது ஓர் இரவு அல்ல, இரண்டு.

ஒன்பது மணிக்கு முடியும் இரவு

முதல் இரவு மாலை நான்கு, ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. உணவகங்களின் முற்றத்தில் ஒரு கிதார் கலைஞரோ சிறு ஜாஸ் குழுவோ வாசிக்க, வந்தவர்கள் சாப்பிட்டபடியே கேட்கிறார்கள். 1960களின் ராக் பாடல்களுக்கு நல்ல வரவேற்பு உண்டு. கேட்பவர்கள் அந்தப் பாடல்களோடு வளர்ந்தவர்கள். ஒன்பது மணிக்குள் நாற்காலிகள் காலியாகிவிடும். அந்த நேரத்தையே ‘நள்ளிரவு’ என்று அவர்களே கேலி செய்துகொள்வதுண்டு.

இந்தக் குடியேற்றம் புதிதன்று. ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1923-இல் அருகிலுள்ள சபாலா நகரில் தங்கி ஒரு நாவல் எழுதினார். வெளிநாட்டினருக்கான சபாலா ஏரிச் சங்கம் 1955-இல் உருவானது. 1965-இல் தொடங்கிய ‘லேக்சைடு லிட்டில் தியேட்டர்’ தன்னார்வலர்களைக் கொண்டு இன்றும் ஆங்கில நாடகங்களை மேடையேற்றுகிறது. ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் ஓர் ஆங்கில நாடக மேடை இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பது அரிது.

ஒன்பது மணிக்குப் பிந்தைய இரவு

ஊர்க்காரர்களின் நேரக் கணக்கு வேறு. மெக்சிகோவில் பெரிய உணவு பிற்பகலில்தான். இரவு உணவு எளிமையானது, தாமதமானது. எனவே கொண்டாட்டமும் தாமதமாகவே சூடு பிடிக்கும். இதன் முழு வடிவத்தைக் காண வேண்டுமானால் நவம்பர் 30-ஆம் நாள் வரும் புனித அந்திரேயா திருவிழாவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒன்பது நாட்கள் ஊரே விழித்திருக்கும். ஒவ்வொரு நாளின் இசைக்கும் வாணவேடிக்கைக்குமான செலவை ஊரின் ஒரு தொழிற்பிரிவினரோ குழுவினரோ ஏற்றுக்கொள்வது வழக்கம். நம்மூர்க் கோயில்களின் மண்டகப்படியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

சதுக்கத்தில் பித்தளை ஊதுகருவிகளும் பெரிய முரசும் கொண்ட ‘பண்டா’ குழு முழங்கும். ‘தொரீத்தோ’ எனப்படும் காளை உருவச் சட்டத்தில் வெடிகளைக் கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கூட்டத்துக்குள் ஓடுவார். சிறுவர்கள் சிதறி ஓடுவார்கள். இறுதியில் ‘கஸ்தீயோ’, அதாவது கோட்டை, கொளுத்தப்படும். அது பல சக்கரங்கள் பொருத்திய உயரமான கோபுரம். கீழிருந்து அடுக்கடுக்காகத் தீப்பற்றிச் சுழன்று, உச்சியிலிருக்கும் கிரீடம் கடைசியில் வானில் பறந்து செல்லும். இத்துடன் முடிந்தது என்று நினைத்தால் தவறு: விடியற்காலையில் மீண்டும் வானவெடி வெடித்து ஊரை எழுப்புவார்கள்.

ஒலியும் வருமானமும்

ஊர், ஏரிக்கும் மலைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது. கீழே எழும் ஒலி சரிவில் ஏறி மேலுள்ள வீடுகளுக்குச் செல்கிறது. வெளிநாட்டினர் பலர் அந்தச் சரிவில்தான் வசிக்கிறார்கள். பெண் பிள்ளையின் 15-ஆம் பிறந்தநாள் விழா, திருமணம் போன்றவற்றின் இசை பின்னிரவு வரை நீளும்போது புகார்கள் எழுகின்றன. ஊர்க்காரர்களின் பதிலும் நியாயமானது: விழாக்கள் இங்கே முன்பே இருந்தவை. ஏற்கெனவே வீட்டு வாடகை ஏறி, பிறந்த ஊரிலேயே குடியிருக்கச் சிரமப்படுபவர்களிடம் பாட்டையும் குறைக்கச் சொல்வது எளிதில் எடுபடாது.

ஆயினும் இசைக் கலைஞர்களுக்கு இரண்டு இரவுகளும் வேண்டும். குளிர்காலத்தைக் கழிக்க வரும் கனடியர்களும் அமெரிக்கர்களும் ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே இருப்பார்கள். அவர்கள் திரும்பியதும் உணவக மேடைகளில் வாய்ப்பு குறைகிறது. அப்போது கைகொடுப்பவை ஊர்த் திருமணங்களும் பிறந்தநாள்களும்தான். மரியாச்சி குழுக்களுக்கு இது எப்போதும் உள்ள பிழைப்பு. வயலின், எக்காளம், கிதாரோன் எனும் பெரிய கிதார் ஆகியவற்றுடன் வரும் அவர்கள், மேசை மேசையாகச் சென்று பாட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாசிப்பார்கள். மரியாச்சியின் தாயகமாகக் கருதப்படுவதும் இதே ஹலிஸ்கோதான். 2011-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

2020-இல் மெக்சிகோ அரசு அஹிஹிக்கை ‘மாய ஊர்’ எனும் சுற்றுலாப் பட்டியலில் இணைத்தது. வார இறுதிகளில் குவாதலஹாராவிலிருந்து வரும் இளைஞர்கள், ஓய்வூதியர்கள் உறங்கப் போகும் நேரத்தில்தான் இரவு உணவுக்கு உட்காருகிறார்கள். அதனால் சனிக்கிழமைகளில், ஒரே உணவகத்திலேயே மாலையில் ஒரு கூட்டமும் இரவில் வேறொரு கூட்டமும் அமர்ந்திருப்பதைக் காணலாம்.