சிகரெட்டை விட்டாயிற்று, டீ வேளைக்கு என்ன செய்வது?

டோம்பிவிலியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், மும்பை போர்ட் பகுதியில் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறார். இருபது ஆண்டுகளாகப் புகை பிடித்தவர். மூன்று தடவை சிகரெட்டை விட்டார். மூன்று தடவையும் "பழைய குருடி கதவைத் திறடி" என்ற கதைதான்!

நான்காவது தடவை விட்டவர், இப்போது ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டார்.

"முன்பெல்லாம் சிகரெட்டை மட்டும் விட்டேன். இந்தத் தடவை, சிகரெட் பிடித்த வேளைகளையும் மாற்றிக்கொண்டேன்" என்றார்.

காலைக்கடனுக்கு முன் ஒன்று. லோக்கல் ரெயிலை விட்டு இறங்கியதும் ஒன்று. 11 மணி டீயோடு ஒன்று. சாப்பாடு முடிந்ததும் ஒன்று. மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கினால் இன்னொன்று! சிகரெட் போனாலும் இந்த வேளைகள் போவதில்லை. நாள் தவறாமல் வந்து நிற்கும்.

முதல் மூன்று நாட்கள்

சிகரெட்டை நிறுத்திய முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் கடுமையானவை. எரிச்சல், படபடப்பு, தூக்கக் குறைவு எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும்.

ஆகவே, விடுமுறையை ஒட்டித் தொடங்குவது நல்லது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறார்?" என்று மனைவி கலங்க வேண்டாம். அறையில் நாலு பேருடன் தங்கியிருப்பவர்கள், அறைத் தோழர்களிடம் சொல்லி வைக்கலாம்.

"ஒன்றே ஒன்று" என்ற தவிப்பு எழுந்தால், அது சில நிமிடங்களில் தானே அடங்கும். அந்த நேரத்தைக் கடத்தினால் போதும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். இரண்டு மாடி ஏறி இறங்குங்கள்.

டீயைப் பாதியாக்குங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. டீ, காபியில் உள்ள காபீனை ஈரல்தான் கரைத்து வெளியேற்றுகிறது. புகையிலைப் புகை அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, காபீன் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது.

அதனால், வழக்கமான ஐந்து டீயே கூடுதலாக வேலை செய்யும். கை நடுங்கும், இரவில் தூக்கம் வராது. "சிகரெட் இல்லாததால்தான் இந்தப் பாடு" என்று எண்ணி, மறுபடி பற்ற வைத்துவிடுவார்கள்! டீயைப் பாதியாகக் குறையுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டாம். மோரோ, எலுமிச்சைச் சாறோ போதும்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின் அப்படிப்பட்டது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், புகையை விட்டதை டாக்டரிடம் சொல்லுவது அவசியம்.

காலையும் மதியமும்

சிலருக்கு முதல் வாரங்களில் மலச்சிக்கல் வரும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், கீரை, பப்பாளி, கொஞ்ச நடை ஆகியவை உதவும்.

மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்தே இருக்காதீர்கள். டிப்பன் டப்பாவைக் கழுவிவிட்டு, வாயில் சோம்பு போட்டுக்கொண்டு சிறிது நடந்துவிட்டு வாருங்கள். நாக்கு ருசி திரும்புவதால் பசி கூடும். முதல் ஆண்டில் சராசரியாக 4, 5 கிலோ எடை ஏறலாம். வடா பாவுக்குப் பதில் வெள்ளரிக்காய் நல்லது.

சிகரெட்டுக்குப் பதிலாகப் புகையிலை போடுவது மட்டும் கூடாது. அது வாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். மராட்டிய மாநிலம் குட்காவை 2012-லேயே தடை செய்தது. பீடியும் ஆபத்தில் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல.

என்ன லாபம்?

கடைசி சிகரெட்டுக்குப் பின் 20 நிமிடங்களில் நாடித் துடிப்பு குறையத் தொடங்குகிறது. ஓர் ஆண்டில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது.

பணக் கணக்கையும் பாருங்கள். ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 8 என்பது 120 ரூபாய். ஆண்டுக்கு 43,800 ரூபாய்! ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு உதவுமே!

நடுவில் ஒருநாள் தவறிப் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். எந்த வேளையில் தவறினோம் என்று பார்த்து, மறுநாள் அந்த வேளையை மாற்றுங்கள். தனியாக முடியாதவர்கள், மத்திய அரசின் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

நண்பர் முதல் மூன்று மாதங்கள், ஸ்டேஷனில் பான் கடை இல்லாத பக்கமாகவே வெளியேறினார். இப்போது பழைய வழியில்தான் போகிறார். அவரைக் கண்டதும் கடைக்காரரின் கை தானாகவே சிகரெட் பெட்டிக்குப் போகிறதாம்.

"அவருக்கும் பழக்கம் விடவில்லை, பாருங்கள்!" என்று சிரித்தார் நண்பர்.