வீட்டு வேலைக்கு ஒரு அட்டவணை: உப்புக்குளத்தில் கண்டதும் நமது லயத்துக்கு ஏற்றதும்



ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் லீவு என்று பெயர். ஆனால் வீட்டுப் பெண்களுக்கு? ஒரு கிழமை அழுக்குத் துணி, கரி பிடித்த சட்டி, நனைந்த படங்கு, சேறு மிதிபட்ட இஸ்தோப்பு, எல்லாம் அந்த ஒரே நாளுக்காகக் காத்துக்கொண்டு கிடக்கும். பொழுது சாயும்போது முதுகு ஒடிந்து போகும். விடிந்தால் மறுபடியும் பிரட்டு. "வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவது லேசான காரியம். எந்த வேலையை எந்த நாளில், யார், எந்தத் தண்ணியில் செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இம்முறை அதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத நினைத்தோம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மன்னார்ப் பயணம். எமது பெரியம்மாவின் மகள் உப்புக்குளத்தில் குடியிருக்கிறார். 1977 கலவரத்திற்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிப் பக்கம் போன எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. மன்னார் என்றவுடன் நம்மில் மூத்தவர்களுக்கு வேறொரு கதை ஞாபகம் வரும். நமது பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து கால் வைத்த கரை அது. 1914இல் தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, அந்தப் பக்கத்திலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தே வந்தார்கள். வழியில் கொலராவில் விழுந்து எழும்பாமல் போனவர்கள் ஏராளம். அவர்களைக் கொன்றதில் பெரும் பங்கு அழுக்குத் தண்ணிக்கு உண்டு.

அக்காவின் வீடு சின்னது. மணல் வளவு, பின்னால் ஒரு கிணறு, குளிக்க ஒரு சீமெந்துத் தொட்டி. நாம் போன நேரம் சோழகக் காற்று. காலையில் கூட்டினால் பத்து மணிக்கு மறுபடியும் மேசையெல்லாம் மணல். "இத எத்தனை தரம் அக்கா கூட்டுறீங்க?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காத்து முடியிற வரைக்கும் மண்ணோட மல்லுக்கட்ட ஏலாது தங்கச்சி. காலம்பற ஒருக்கா, படுக்க முன்னம் ஒருக்கா, அவ்வளவுதான். மண்ண விட்டுடுவன். தண்ணிய விடமாட்டன்."

தண்ணியை ஏன் விடமாட்டார் என்பதற்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு காலத்தில் மலேரியா இந்த நாட்டைப் போட்டு ஆட்டியது. 1934-35 கொள்ளை நோயில் மட்டும் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். பல பத்து வருஷப் பாடுபட்டு, உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012க்குப் பின் இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள், அதே வருஷ முடிவில், மன்னார்த் தீவின் கிணறுகளில் இங்கே அதுவரை காணாத ஒரு நுளம்பின் குடம்பிகள் அகப்பட்டன. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னை போன்ற பட்டணங்களில் மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு அதுதான். நம் நாட்டுப் பழைய மலேரியா நுளம்பு பெரும்பாலும் ஆறு வற்றும்போது பாறைக் குழிகளில் முட்டையிடும். இதுவோ வீட்டு வாசலுக்கே வந்து கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் மேல் தாங்கியிலும் நல்ல தண்ணியைத் தேடி முட்டையிடுகிறது. ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்று ஒரு சின்ன நாடு. இந்த நுளம்பு அங்கே 2012இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருஷம் 27 ஆக இருந்த மலேரியாக் கணக்கு 2020இல் 73,000ஐத் தாண்டிவிட்டது. மன்னாரில் நுளம்பு வந்தது, நோய் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் உடம்பில் கிருமியோடு வந்தால்தான் நுளம்புக்கு அது கிடைக்கும். அதனால்தான் வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் சோதிக்கச் சொல்கிறார்கள். நமது பிள்ளைகளும் வெளிநாட்டு வேலைக்குப் போய் வருகிறார்கள் அல்லவா, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு ராத்தாவும் அன்று பேச்சில் சேர்ந்துகொண்டார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது அவர்களும் போட்டது போட்டபடி புத்தளத்துக்குப் போனவர்கள். யுத்தம் 2009இல் முடிந்த பிறகு திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் வளவில் ஆள் உயரம் பற்றை, கிணற்றுக்குள் குப்பையும் பாசியும். "ஊட்டுக்குக் கூர போட முந்தி கெணத்தத்தான் எறச்சோம்" என்றார். இப்போது அவர் வீட்டுக் கிணற்றுக்கு வலை மூடி இருக்கிறது, உள்ளே குடம்பி தின்னும் சின்ன மீன்கள் விட்டிருக்கிறார்கள். அவர் வீட்டில் பெரிய சுத்தம் வியாழக்கிழமை பின்னேரம், வெள்ளி ஜும்மாவுக்கு முன்பு எல்லாம் முடிந்துவிட வேண்டும். அக்கா வீட்டில் சனிக்கிழமை. அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர், அவர் கரையில் நிற்கும் நாளைப் பார்த்துத் தொட்டி கழுவும் வேலையை வைத்திருக்கிறார்கள். ஒரே வேலி, இரண்டு வீடு, இரண்டு அட்டவணை. இரண்டிலும் தொட்டி கழுவாமல் ஏழு நாள் தாண்டுவதில்லை.

ஏழு நாள் என்பதற்குக் காரணம் உண்டு. நுளம்பு முட்டையிட்டு, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஏழு நாளுக்குள் தண்ணியைக் கொட்டிவிட்டால் அது பறப்பதற்குள் கதை முடிந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எவ்வளவுதான் தேய்த்துக் கழுவினாலும், இடையில் ஒரு கூட்டம் பறந்து போயிருக்கும். டெங்கு நுளம்போ இன்னும் சூட்டிக்கை. தண்ணிக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். ஆகவே பரலைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள் சுவரைத் தும்பு போட்டு உரசித் தேய்க்க வேண்டும். 2017இல் நம் நாட்டில் 186,000 பேருக்கு டெங்கு கண்டு 400 பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டுத் தோட்டங்களில் குளிர் காரணமாக இது குறைவு என்றாலும் கண்டி, மாத்தளை, இரத்தினபுரி பக்கத்துத் தோட்டங்களில் அப்படி இருந்துவிட முடியாது.

சரி, நம் வீட்டுக்கு எப்படி அட்டவணை போடுவது? அக்கா சொன்ன வழியிலேயே தொடங்கலாம். முதலில் சுத்தம் செய்ய வேண்டியதை எழுதாதீர்கள். வீட்டில் யார் யார், எத்தனை மணிக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், பீலியில் எப்போது தண்ணி வருகிறது என்று எழுதுங்கள். கொழுந்துக்குப் போகும் பெண் மடுவத்தில் நிறுத்துவிட்டு வீடு வந்து சேர ஐந்து மணியாகும். கவ்வாத்து, உரம் என்று கணக்கு வேலைக்குப் போகும் ஆண் மத்தியானத்துக்குப் பிறகு பெரும்பாலும் வீட்டில்தான். அப்படியானால் பகல் வெயிலில் செய்ய வேண்டிய வேலை, அதாவது பரல் தேய்ப்பது, பாய் தலகாணி வெயிலில் போடுவது, கானு வெட்டிவிடுவது, யார் கணக்கில் விழ வேண்டும்? நாம் சொல்லத் தேவையில்லை, தாளே சொல்லிவிடும். இதை வாசிக்கும் அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். நான்கு வரி எழுதிப் பார்த்த பிறகு பேசுங்கள்.

அடுத்தது, எந்தப் பொருள் எவ்வளவு நேரத்தில் கெடுகிறது என்று பாருங்கள். ஒரு ராத்திரியில் கெடுவது, ஒரு கிழமையில் கெடுவது, ஒரு மாதம் தாங்குவது என்று தானாகப் பிரிந்துவிடும். மீந்த சோறும் கழுவாத சட்டியும் ஒரு ராத்திரி தாங்காது. எலியும் கரப்பானும் இருட்டில்தான் வரும், எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். ஆகையால் விளக்கு அணைக்கும் முன் சாமானைக் கழுவிக் கவிழ்ப்பதும், குடிதண்ணிப் பானையை மூடுவதும், அடுப்படியைக் கூட்டுவதும் தினசரி வேலை. காலையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலையில் அவசரம். குடிதண்ணிப் பானையைத் தினமும் ஒருமுறை உள்ளே தேய்த்து, கொதித்தாறிய தண்ணியை ஊற்றுங்கள். இவை எல்லாம் சேர்ந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது, இரண்டு பேர் செய்தால் பாதி.

கிழமை வேலைகளைத்தான் பிரித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை குவிப்பதால்தான் முதுகு ஒடிகிறது. திங்களில் பரல், செவ்வாயில் கானு, வியாழனில் கக்கூஸ், ஞாயிற்றில் துணியும் படுக்கையும் என்று நாளுக்கு ஒன்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம் போதும். இந்த நாட்களை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, உங்கள் பீலித் தண்ணி எந்த நாளில் தாராளமோ அந்த நாளில் பரலை வையுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். கொல்லையில் கிடக்கும் டின், சிரட்டை, பழைய டயர், யோகட் கோப்பை இவற்றைப் பொறுக்கிக் கவிழ்க்கும் வேலை அவர்களுக்கு விளையாட்டு மாதிரி. ஒரு டோர்ச் கொடுத்துத் தண்ணிக்குள் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடம்பி தலைகீழாகத் தொங்கினால் டெங்கு நுளம்போ சாதாரண வீட்டு நுளம்போ, தண்ணிமட்டத்தோடு கிடையாகப் படுத்திருந்தால் மலேரியா இனத்து நுளம்பு. எதுவானாலும் கொட்டுங்கள், பெரிய தொட்டி, கிணறு என்றால் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். ஆனால் பெண்பிள்ளை மட்டும் கூட்ட, ஆண்பிள்ளை பந்து விளையாட என்று ஆகிவிடக் கூடாது.

மாத வேலை கொஞ்சம்தான். அடுப்புப் புகைக் கரியும் ஒட்டடையும் ஒரு மாதம் பொறுக்கும். நமது பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பக்கத்தில் இருப்பதால் அதற்கு மேல் விடக் கூடாது, இருமல்காரருக்கு ஆகாது.

காலநிலையைப் பார்த்து அட்டவணையை மாற்றுவதும் முக்கியம். உப்புக்குளத்தில் மழை ஒக்டோபருக்குப் பிறகுதான், அப்போது அக்கா மணலை மறந்துவிட்டுச் சிரட்டையும் டின்னும் தேடுவார். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதத்திலிருந்தே கொட்டும். பதுளை, பசறையில் வருஷக் கடைசியில்தான் பெருமழை. ஆகவே மஸ்கெலியாக்காரர் சித்திரையில் தகரக் கூரையின் பீலியையும் கானையும் துப்புரவாக்க வேண்டும், பசறைக்காரர் புரட்டாசியில் செய்தால் போதும். அடைமழை நாட்களில் கம்பளியைத் துவைக்க முடியாது. வீட்டில் சொறி சிரங்கு வந்திருந்தால், துவைக்க முடியாத போர்வையை ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு கிழமை தொடாமல் வையுங்கள், மனித உடம்பு கிடைக்காமல் அந்தப் பூச்சி செத்துவிடும். சிரங்குக்கு மருந்து வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். நச்சுப் புகை கிளம்பும், கதவு சின்னதாக உள்ள கக்கூஸில் மூச்சடைத்து விழுந்துவிடுவீர்கள். மற்றது, மருந்து அடிக்கும் வெறும் கேன். எத்தனை தரம் கழுவினாலும் அதில் தண்ணி பிடித்து வைக்கக் கூடாது, துணி ஊறப்போடவும் கூடாது. மருந்து அடித்துவிட்டு வரும் உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், அன்றைக்கே துவையுங்கள்.

அட்டவணையைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினால் போதும். முதல் இரண்டு கிழமை தவறும். தவறிய வேலையைச் சிவப்புப் பேனையில் வட்டமிடுங்கள். ஒரே வேலை மூன்று முறை வட்டமானால் வேலையில் குற்றம் இருக்காது, நாள் பிழையாக விழுந்திருக்கும், நாளை மாற்றிப் போடுங்கள். அக்கா வீட்டுத் தாளில் கக்கூஸ் நாள் மூன்று தரம் வெட்டி எழுதப்பட்டிருந்தது. சுகயீனமாக இருந்தாலோ, பிள்ளை பெற்ற வீடாக இருந்தாலோ குடிதண்ணியையும் பரலையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள். அந்த இரண்டையும் பக்கத்துக் காம்பராக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

உங்கள் லயத்தில் பீலித் தண்ணி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை வீட்டுக்கு ஒரு பீலி, பரல் கழுவ எந்த நாள் தோதுப்பட்டது என்று எழுதி, உங்கள் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் சிலவற்றைப் போடுகிறோம்.