முத்துக்கரை வீட்டின் முகம்

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த கையோடு பங்கின் வீடுகளை மந்திரிக்கப் புறப்படுவது எங்கள் கடற்கரைப் பங்குகளின் நெடுநாள் வழக்கம். தீர்த்தச் செம்பை ஏந்திய பீடச் சிறுவன் முன்னே நடக்க, நான் பின்னே செல்வேன். ஒரு மாலைப் பொழுதில் இருபது வீடுகள். ஒவ்வொன்றிலும் பட்டாசாலையில் தொடங்கி அடுக்களை, உறங்கும் அறை, மச்சு என்று அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்க வேண்டும். பிறர் வீட்டின் கொல்லைப்புறம் வரை இவ்வாறு உள்ளே செல்லும் உரிமை நெருங்கிய உறவினருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகையால், அறைகளை அழகு செய்வது பற்றிச் சாமியார் ஒருவர் எழுதுவதா என்று அன்பர்கள் மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டாம். நான் பார்த்த அறைகளுக்குக் கணக்கில்லை.

சென்ற ஆண்டு தூத்துக்குடி நகரின் புறத்தே புதிதாக எழுந்த ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். இல்லத் தலைவர் சரக்குக் கப்பலில் பணிபுரியும் இளைஞர். மனைவி படித்தவர், வீட்டை அணி செய்வதில் மிகுந்த ஆர்வமுடையவர். சாம்பல் நிறச் சுவர்கள், சாம்பல் நிற இருக்கைகள், மேற்கூரையிலே மறைத்து வைத்த விளக்குகள். எதிர்ச் சுவரில் பாரீஸ் நகரத்து ஈஃபெல் கோபுரத்தின் பெரிய படம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், முந்தின வாரம் வேறொரு தெருவில் நான் மந்திரித்த வீட்டிலும் அதே படம் அதே சுவரில்தான் தொங்கியது. கண்ணைக் கட்டி என்னை உள்ளே விட்டிருந்தால் எந்த வீட்டில் நிற்கிறேன் என்று அறிந்திருக்க மாட்டேன். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதையும் அறிந்திருக்க மாட்டேன். ஒரே ஒரு பொருள்தான் ஊரைக் காட்டிக் கொடுத்தது. மூலையில் கண்ணாடிப் பேழைக்குள், சிறு விளக்கின் அடியில், வெண்மையான பவளக் கிளையொன்றும் ஊதா நிறக் கடல் விசிறியொன்றும் இருந்தன.

“திருஇருதயப் படம் எங்கே?” என்று கேட்டேன்.

“பாட்டி ரூம்ல இருக்கு, ஃபாதர். இந்தச் சுவருக்கு அது பொருந்தல” என்றார் இளைஞர், சற்றே கூச்சத்துடன்.

பாட்டியின் அறை பின்கட்டில் இருந்தது. அறை என்பதைவிட, வீட்டில் பொருந்தாதவை எல்லாம் வந்து சேர்ந்த இடம் என்பதே சரி. சுவரில் படம், படச் சட்டத்தின் பின்னே, குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை செருகியிருந்தது. கட்டிலடியில் தகரப் பெட்டி, நாலைந்து ஓலைப் பெட்டிகள், ஒரு நார்ப்பெட்டி, சுளகு. கடற்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாதபடி ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். தீர்த்தம் தெளிக்கத் திரும்பியபோது என் கால் அதில் இடறியது. உச்சியில் துளையிட்ட கல். பதினைந்து கிலோவுக்குக் குறையாது.

“பாத்து வாங்க சாமி. எங்க அப்பா கால் வச்சு எறங்குன கல்லு அது” என்றார் பாட்டி.

முத்துச் சிலாபம் நடந்த காலத்தில், குளிப்பவர் ஒரு கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் பதித்து, மூச்சை அடக்கி, எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்திற்கு விரைந்து இறங்குவார். அடியில் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவார். மேலே தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரே மூச்சுக்குள் கைக்குக் கிட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு குளிப்பவர் மேலேற வேண்டும். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த சிலாபமே கடைசிச் சிலாபம். அதன் பின் பார்களில் சிப்பி அந்த அளவுக்கு விளையவே இல்லை. ஆக, அந்தக் கல்லுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. பேரனைப் பார்த்தேன். கடலையே பிழைப்பாகக் கொண்ட அந்தப் பிள்ளைக்குத் தன் பூட்டன் முத்துக் குளித்தவர் என்பது தெரியும். இந்தக் கல் அதுவென்று தெரியாது. பழைய வீட்டை இடித்தபோது இடிபாட்டோடு அனுப்பியிருப்பாராம்; பாட்டிதான் ஆட்டோவில் மடியருகே வைத்துக் கொண்டுவந்தாராம்.

அன்று அவர்கள் வீட்டில் காப்பி அருந்தியபடி பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பவளம். தூத்துக்குடிக்காரர் வீட்டின் முன்னறை என்றால் ஒரு காலத்தில் பவளக் கிளை, கடல் விசிறி, உலர்ந்த கடற்குதிரை ஆகியவை இல்லாமல் இராது. வெளியூர் விருந்தினருக்குக் கொடுத்தனுப்பும் பரிசும் அதுவே. மூளை வடிவப் பவளம் ஒன்று பல ஆண்டுகள் என் மேசையிலும் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டு கிடந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்பவனுக்கும் சொல்ல ஒன்று இருக்கத்தானே செய்யும். அலங்காரத்திற்கு எடுத்தது கொஞ்சம். கட்டடத்திற்கு எடுத்ததுதான் மிகுதி. பார்களை உடைத்துப் பவளக் கற்களாக வாரி வந்து சுவர் எழுப்பினார்கள், சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு கல்லை உடைக்க ஒரு நாழிகை போதும். அது விளைய ஒரு மனிதனின் வாழ்நாள் வேண்டும்.

விளைவை நம் கண்ணெதிரே காண்கிறோம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. அவற்றை உள்ளடக்கித் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுள் மூழ்கிவிட்டது. ஒரு காலத்தில் 16 ஹெக்டேர் பரப்பிருந்த வான் தீவு, 2010களில் இரண்டு ஹெக்டேருக்குள் சுருங்கி, செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அலையைத் தடுத்து நின்ற பாரை உடைத்து வீடு கட்டினோம்; தடுக்க ஆளில்லாத அலை தீவைத் தின்றது. 2001இல் பவளங்களும் கடல் விசிறிகளும் கடற்குதிரைகளும் சிப்பி வகைகள் சிலவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். சங்கின் செய்தி வேறு. அரசின் உரிமத்தோடு நம் மக்கள் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். இங்கு எடுத்த சங்கு வங்காளம் சென்று அங்கே மணமகளின் வெண்வளையாகிறது.

“அப்படியானால் இந்த ஊரின் அடையாளமாக வீட்டில் எதைத்தான் வைப்பது?” என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. கடைக்காரரின் படப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் மாமியாரின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றேன்.

நம் கரையில் யோசனைக்குப் பஞ்சமில்லை. மணப்பாட்டுக்குச் சென்றவர்கள் அங்குள்ள பெரிய வீடுகளைப் பார்த்திருப்பார்கள். கொழும்பில் வாணிகம் செய்து பொருளீட்டியவர்கள் ஐரோப்பியப் பாணியில் எழுப்பியவை அவை; ஆயினும் வெறும் நகலாக நின்றுவிடவில்லை. உப்புக் காற்றையும் தென்மேற்குக் காற்றையும் அறிந்த கொத்தனார் கட்டியவை. அதே மணப்பாட்டில் பெண்கள் பனங்குருத்தைக் கிழித்து, சாயமேற்றி, பெட்டியும் கொட்டானும் விசிறியும் பின்னுகிறார்கள். அவற்றில் மூன்று நான்கை ஒரு வெள்ளைச் சுவரில் சேர்த்து மாட்டிப் பாருங்கள். ஈஃபெல் கோபுரம் தானே இறங்கிவிடும். சிறிது வடமேற்கே பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையில் அவர்கள் நெய்யும் பாய் பட்டுப்போல் மடியும். அதைப் படுக்க மட்டுமே பயன்படுத்த வேண்டுமென்று விதியில்லை. நல்ல பாய் ஒன்று ஒரு சுவருக்கே போதும். மூலை அலமாரிக்குப் பழைய தேக்குக் கிடைத்தால் விடாதீர்கள். ஒட்டுப்பலகை நம் ஊர்க் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். இரும்பு அதைவிட மோசம்.

சுவரைப் பற்றி ஒரு சொல். கடலோர வீட்டில் சுவர் உப்புப் பூக்கும். அதன்மேல் விலையுயர்ந்த வண்ணத்தை அடித்து மூடினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாக உரியும். மறு ஆண்டு மறுபடி செலவு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். நம் முன்னோர் வெள்ளையடித்தது வறுமையால் மட்டுமன்று.

படங்களுக்கு வருவோம். “அது பழங்காலக் காலண்டர் படம்” என்று இளைஞர்கள் ஒதுக்கும் திருஇருதயப் படத்திற்கு ஒரு வரலாறு உண்டு. உலகெங்கும் பரவிய அவ்வகைப் படங்களில் பலவற்றுக்கு முன்மாதிரி, பொம்பேயோ பத்தோனி என்ற இத்தாலிய ஓவியர் 1767இல் உரோமையிலுள்ள ஜேசு ஆலயத்திற்கென வரைந்த ஓவியம். 1542இல் நம் கரையில் வந்திறங்கிய புனித சவேரியாரின் வலக்கரம் வைக்கப்பட்டிருப்பதும் அதே ஆலயத்தில்தான். அச்சுப் படங்களிலும் நம் மாவட்டம் பின்தங்கியதன்று. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டையராஜு (1898-1976) கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழகத்து வீட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. நம் சுவர்களில் தொங்கியவை யாரோ எங்கோ செய்தவை என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஒரே சுவரில் பதினேழு படங்களையும், அணைந்து அணைந்து எரியும் வண்ண விளக்குச் சரத்தையும், தூசி படிந்த பிளாஸ்டிக் மாலையையும் மாட்டி வைத்தால், அதைக் கண்டு மருமகள் மிரள்வது அவள் குற்றமாகாது. ஒரு நல்ல படம், சுற்றிலும் சிறிது வெற்றுச் சுவர், கீழே ஒரு மாடம், இவ்வளவே போதும்.

பணமிருந்தால்தானே இதெல்லாம் என்பீர்கள். வின்சென்ட் வான்கோ என்ற டச்சு ஓவியர் 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் தம் உறங்கும் அறையை வரைந்தார். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு சிறு மேசை, ஆணியில் தொங்கும் உடைகள். மாளிகைகளின் படங்களை மறந்தவர்களும் அந்த ஏழை அறையை மறப்பதில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் கடற்கரை ஊர்களில் வரிசையாகக் கட்டித்தந்த வீடுகளைப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே கதவு, ஒரே சன்னல். எண்ணைப் பார்த்துத்தான் வீட்டை அறிய வேண்டும். அப்படியொரு வரிசையில் ஒரு வீட்டை மட்டும் நான் தொலைவிலிருந்தே கண்டுகொள்வேன். அந்த வீட்டுத் தலைவர் தம் வள்ளத்திற்கு அடித்து மிஞ்சிய நீலத்தையும் மஞ்சளையும் கதவுக்கும் சன்னலுக்கும் அடித்திருக்கிறார். உள்ளே, உடைந்த பழைய வள்ளத்தின் பலகை பெஞ்சாகியிருக்கிறது. பயன் தீர்ந்த வலை மிதவைகளைக் கயிற்றில் கோத்து அவர் மகள் வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள். செலவு ஆணிகளுக்கு மட்டும்தான். பத்துப் பேருக்கு மேல் அமர முடியாத அந்த அறையில் மாலை நேரத்தில் இருபது பேர் இருப்பார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த கப்பல்காரத் தம்பி, பவளத்தை என்ன செய்வதென்று கேட்டார். யாருக்கும் விற்காதீர்கள், கொடுக்காதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். தயங்கினார். அவர் தந்தை வாங்கி வைத்தது அது. தந்தை இறந்து மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

இவ்வாண்டு மீண்டும் அந்த வீட்டை மந்திரிக்கச் சென்றேன். சாம்பல் நிற இருக்கைகள் அப்படியே இருந்தன. ஈஃபெல் கோபுரம் மச்சுக்கு ஏறியிருந்தது. திருஇருதயப் படம் புதுச் சட்டத்துடன் பட்டாசாலைக்கு வந்துவிட்டது. ஓலைச் சிலுவையும் உடன் வந்திருந்தது. பவளத்தை வனத்துறையில் ஒப்படைத்துவிட்டதாகத் தம்பி சொன்னார். பேழையில் இப்போது பாட்டியின் ஓலைப் பெட்டிகள். அவற்றில் ஒன்றின் மூடியில் அவர் தாயார் பெயரின் முதலெழுத்து பின்னப்பட்டிருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். அருகே, தாழ்வான மரப் பலகையின் மேல், புதுக் கயிறு கோத்த அந்தக் கல். வருகிறவர்களெல்லாம் அது என்னவென்று கேட்கிறார்களாம். பாட்டி பின்கட்டிலிருந்து வந்து அமர்ந்து சொல்லத் தொடங்கினால் முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறதாம்.

தீர்த்தம் தெளித்துவிட்டு வெளியே வந்தபோது பாட்டி வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா கல்லக் கொண்டுபோய் முன்னால வச்சிட்டாங்க. என் ரூம் கதவு ராத்திரி பூரா காத்துல அடிக்குது. முட்டுக் குடுக்க வேற ஒரு கல்லு பாத்துத் தரச் சொல்லுங்க.”