எது ‘அட்டாக்’? தீவிர நோய் பாலிசி விற்பவர் படிக்க வேண்டிய பாடம்

“தம்பி, அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாச்சு. பாலிசியில அட்டாக்குக்குப் பணம் உண்டுன்னு சொன்னீங்களே, எப்ப வரும்?”

தீவிர நோய் காப்பீடு விற்கும் ஏஜென்ட்டுக்கு என்றாவது ஒருநாள் இப்படி ஒரு போன் வரும். அவர் என்ன படித்திருக்கிறார் என்பது அந்த நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வழக்கமான மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். தீவிர நோய் காப்பீடு வேறு. பட்டியலில் உள்ள நோய் உறுதியானால், எடுத்த தொகை முழுவதையும் பெரும்பாலும் மொத்தமாகக் கையில் கொடுத்துவிடும். வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வாடகை, வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், துணைக்கு வந்தவரின் லாட்ஜ் வாடகை என எதற்கும் செலவழிக்கலாம்.

இதை யோசித்தவர் ஒரு டாக்டர். 1967 டிசம்பரில் கேப்டவுனில் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தாரே கிறிஸ்டியான் பர்னார்டு, அவருடைய தம்பி மாரியஸ். அந்த மருத்துவக் குழுவிலும் இருந்தவர். தான் காப்பாற்றிய நோயாளிகள் பிறகு பணமில்லாமல் தவிப்பதைக் கண்ட அவருடைய முயற்சியால் 1983-ல் தென்னாப்பிரிக்காவில் இந்தக் காப்பீடு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், பைபாஸ் என்று நான்குக்கு மட்டும்தான் அப்போது பணம்.

இந்தியாவில் கம்பெனிக்கு ஒரு விளக்கம் இருக்கக் கூடாதென்று, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ல் 22 தீவிர நோய்களுக்குப் பொதுவான விளக்கங்களைத் தந்தது. சிக்கலும் அங்கேதான். நெஞ்சு வலித்து ஸ்டென்ட் வைத்தாலே நம் ஊர்ப் பேச்சில் அது ‘அட்டாக்’. பாலிசிக்கு அது போதாது. மாரடைப்புக்கே உரிய நெஞ்சுவலி, ஈசிஜியில் புதிய மாற்றம், ரத்தத்தில் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் போன்றவற்றின் உயர்வு ஆகிய மூன்றும் வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகு ட்ரோபோனின் ஏறியிருந்தால் கணக்கில் வராது. பைபாஸுக்கான பிரிவில் ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சேராது. மற்ற நோய்களிலும் இதே கதைதான்: சில மணி நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதத்துக்குப் பணம் இல்லை, தோன்றிய இடத்தைவிட்டு ஊடுருவாத ஆரம்பக்கட்டப் புற்றுநோய்க்கும் இல்லை.

இவ்வளவு நுணுக்கமானதை விற்பவருக்கு என்ன பயிற்சி தருகிறோம்? ஏஜென்ட் ஆகப் பத்தாம் வகுப்பு போதும்; ஐசி-38 தேர்வில் 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மும்பையிலுள்ள இந்தியக் காப்பீட்டு நிறுவனம் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்று படிப்படியாகத் தேர்வுகள் நடத்துகிறது. புனேயில் தேசியக் காப்பீட்டுக் கழகம் இருக்கிறது. ஆனால் இவற்றை நாடுவது பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறவருக்கும் அந்தப் பாடம் எட்ட வேண்டும். பத்து டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் பெயரை மறைத்துக் கையில் கொடுத்து, “இதில் எதற்குப் பணம் கிடைக்கும்? எதற்குக் கிடைக்காது? ஏன்?” என்று கேட்கும் வகுப்பு, விற்பனை உத்தி சொல்லும் ஒரு வாரப் பயிற்சியைவிட மேல் என்பேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாசிக்கத் தெரிந்தவர் ப்ரபோசல் ஃபார்மையும் கவனமாக நிரப்புவார். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா என்ற கட்டங்களில், கேட்காமலேயே ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போகும் அவசரத்தைப் பலரும் பார்த்திருப்போம். சில ஆண்டுகள் கழித்து, நள்ளிரவில் அவசரப் பிரிவில் பயிற்சி டாக்டர் கேட்க, மனைவி பதறிக்கொண்டே “எட்டு வருஷமா சுகர் இருக்கு டாக்டர்” என்பார். அது ‘கே/சி/ஓ’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு, ஏற்கெனவே உள்ள நோய் என்ற பொருளில், சம்மரியின் முதல் வரியிலேயே ஏறிவிடும். கிளெய்ம் அதிகாரி முதலில் படிப்பதும் அந்த வரியைத்தான். மறைத்ததாகச் சொல்லி கிளெய்ம் நிராகரிக்கப்படும் அந்தக் குடும்பம், பெரும்பாலும் எதையும் மறைக்க நினைத்தே இருக்காது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாலிசி தொடங்கி வழக்கமாக 90 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. நோய் உறுதியான பின் 30 நாள் உயிரோடு இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் இருக்கிறது. சொல்லச் சங்கடமான இந்த நிபந்தனையை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்லப் பழக்குவதும் பயிற்சியில் அடங்கும். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். அந்த நாட்களுக்குள் ஏஜென்ட் ஒருமுறை வீட்டுக்குப் போய், நோய் விளக்கப் பக்கங்களைத் தமிழில் எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை வராது.

அந்த போனுக்கு, பாடம் படித்த ஏஜென்ட் இப்படிப் பதில் சொல்வார்: “அண்ணே, உடம்பு எப்படி இருக்கு? உங்க பாலிசியில ஸ்டென்ட்டுக்குன்னு தனியா பணம் வராது. மாரடைப்புன்னு டாக்டர் எழுதியிருந்தா அந்தப் பிரிவுல கேட்டுப் பார்ப்போம். ஸ்டென்ட் வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ஈசிஜியும் ரத்த ரிப்போர்ட்டும் இருக்கா? ஈசிஜியை இன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைங்க. அந்தப் பேப்பர் நாளாக நாளாக மங்கிடும்.”