ஈரக் கண்ணாடியில் லிங்கன்

ஆபிரகாம் லிங்கனின் புகைப்படங்கள் ஏறத்தாழ 130 இன்று கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றுகூட பிலிமில் எடுத்ததல்ல. பிலிம் அன்று பிறக்கவே இல்லை. பெரும்பாலானவை ஈரம் காயாத கண்ணாடியில் பிடித்தவை.

இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட இந்த உத்திக்கு ஈரத்தட்டு முறை என்று பெயர். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பாகு கிடைக்கும். அதில் அயோடைடு உப்பைக் கலந்து கண்ணாடியின் நடுவே ஊற்றி, ஆப்பச் சட்டியைச் சுழற்றுவதுபோல் சாய்த்து, நான்கு மூலைக்கும் ஓட விடுவார்கள். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்ததும் தட்டு ஒளியை உணரத் தொடங்கிவிடும். உலர்ந்தால் அந்தச் சக்தி போய்விடும். எனவே சுமார் பத்து நிமிடங்களுக்குள் படம் எடுத்து, துலக்கி, கழுவியாக வேண்டும். வெளியூர் என்றால் இருட்டறையும் குதிரை வண்டியில் கூடவே போனது.

படத்துக்கு அமர்ந்தவர் சில விநாடிகளாவது அசையக் கூடாது. தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வி! லிங்கன் முகத்தில் நாம் காணும் இறுக்கத்தில் அதற்கும் பங்குண்டு. 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் அவரைப் படமெடுத்த மேத்யூ பிராடி, நீண்ட கழுத்து தெரியாதிருக்கச் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டார். அந்தப் படம் அட்டைகளிலும் பத்திரிகைச் சித்திரங்களிலும் பரவி, அதிகம் அறிமுகமில்லாத, நாட்டின் மேற்குப் பகுதி வழக்கறிஞரை நாடறியச் செய்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்.

கொலோடியனில் படியும் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை. அதனால் எடுத்தவர் கவனிக்காததையும் கண்ணாடி பதிந்துகொள்ளும். 1863 நவம்பர் 19-இல் கெட்டிஸ்பர்க் கூட்டத்தைப் பிடித்த தட்டு ஒன்று 89 ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1952-இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜோசஃபின் காப் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தொப்பியற்ற தலையுடன் ஒரு முகம் தெரிந்தது. லிங்கன்!

1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். ஏப்ரல் 21-இல் வாஷிங்டனிலிருந்து கிளம்பிய இறுதிப் பயண ரயில், சுமார் 2,660 கிலோமீட்டர் சுற்றி, மே 3-இல் ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. ஏப்ரல் 25-இல் நியூயார்க் ஊர்வலத்தை எடுத்த ஒரு படத்தில், மாடி ஜன்னலோரம் இரண்டு சிறுவர்கள் தெரிகிறார்கள். அது தியடோர் ரூஸ்வெல்ட்டின் தாத்தா வீடு. ஒருவன் ஆறு வயதுத் தியடோர், மற்றவன் அவன் தம்பி எலியட் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தியடோரும் பின்னாளில் ஜனாதிபதியானார்.

அந்த ஊர்வலத்துக்கு முந்தைய நாள், நியூயார்க் நகர மன்றத்தில் திறந்த சவப்பெட்டியை ஜெரமையா கர்னி படமெடுத்தார். போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டன் கொதித்தெழுந்து, தட்டுகளை அழிக்க உத்தரவிட்டார். ஆனால் ஒரே ஒரு பிரதி அவரிடமே தங்கியது. அதே 1952-இல், இலினாய் மாநில வரலாற்று நூலகத்துத் தாள்களுக்கிடையே 14 வயது மாணவர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார்.

அக்காலக் கண்ணாடித் தட்டுகள் ஆயிரக்கணக்கானவற்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒன்றைத் திறந்து, பெரிதாக்கி, கூட்டத்தின் பின்வரிசை முகங்களையும் ஜன்னல்களையும் பாருங்கள்.