தகனினி யார் பெயர்?

தகனினியில் வீடு பார்க்கும் நம்மவர்கள் ஸ்கூல் ஜோன் கேட்பாங்க, ரயில் நேரம் கேட்பாங்க. பெயர் யாருடையது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இஹாகா தகானினி, தே ஆகிதாய் வையோஹுவா மக்களின் தலைவர். 1863இல் வைகாட்டோ மீது பிரிட்டிஷ் படை கிளம்பியபோது, மாவோரி மன்னரின் ஆள் என்ற சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள். விசாரணையே கிடையாது. ராகினோ தீவில் அடைத்தார்கள். அடுத்த வருஷமே இறந்துபோனார். நிலமும் பறிபோனது.

1858இல் போதாதாவ் தே ஃபெரோஃபெரோவோடு தொடங்கிய அந்த மன்னர் பரம்பரை இன்னும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30இல் மன்னர் தூஹெய்தியா மறைந்தார். செப்டம்பர் 5, அடக்கம் செய்த அன்றே, ஙாருவாவாஹியாவில் அவருடைய மகள் ஙா வை ஹோனோ இ தே போ அரியணை ஏறினார். வயசு 27. (நம்ம அரிச்சுவடியில் சும்மா கிடக்கிற 'ஙா' இங்கே ராணி பெயரின் முதல் எழுத்து!) இரண்டு அண்ணன்கள் இருந்தும் கடைக்குட்டியைத்தான் பெரியவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மூத்தவன்தான் வாரிசு என்று அடம்பிடிக்கும் நம்ம வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

அதிகாரம் இல்லாத ராணி எதுக்கு என்று சிலர் கேட்கிறார்கள். பொலிவியாவில் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களுக்கும் ஒரு மன்னர் உண்டு, ஹூலியோ பினேடோ. 1992இல் முடிசூடினார், 2007இல்தான் அரசு அங்கீகரித்தது. சட்டம் போட முடியாதுதான். ஆனால் ஒரு சனத்துக்காக எழுந்து நிற்க ஆள் வேணுமே.

1995இல் வைகாட்டோ நிலப்பறிப்புக்கு மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் எலிசபெத் ராணியே நேரில் கையெழுத்திட்டார். அப்போது உடனிருந்தவர், இந்த இளம் ராணியின் பாட்டி.