ஒரே நேரத்தில் இரண்டு படிப்பா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து, வெட்டுப்புள்ளிகளும் வெளியாகி, பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் அந்த வீட்டில் அன்று பெருநாள்தான். உறவினர்கள் வருகிறார்கள். அயல்வீடுகளுக்கு இனிப்புப் போகிறது. இந்தக் கலகலப்புக்கு நடுவே யாராவது ஒருவர் மெல்லக் கேட்பார்:

"கலைப்பீடமா? வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூடவே இன்னொரு கோர்ஸையும் செய்யச் சொல்லுங்கள்."

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பட்டம் பெற்ற பின்னரும் வேலைக்காக வருடக் கணக்கில் காத்திருந்த பிள்ளைகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் நல்ல முடிவாக அமைவதில்லை.

எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். வாப்பாவுக்குச் சிறிய சில்லறைக் கடை. மூத்த மகள் கலைப்பீடத்திற்குத் தெரிவானாள். புவியியலில் சிறப்புப் பட்டம் பெற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "கணக்கியல் பரீட்சைகளையும் சேர்த்துச் செய்தால் கொம்பனிகளில் வேலை நிச்சயம்" என்றார் சாச்சா. கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. உம்மா தன் காப்பு இரண்டையும் அடகு வைத்தார்.

பிள்ளை கிழமை நாட்களில் விடுதியில் இருந்து விரிவுரைகளுக்குப் போனாள். சனிக்கிழமை விடிவதற்கு முன் பஸ் ஏறிக் கொழும்புக்கு வகுப்புக்குப் போனாள். முதலாம் வருடப் பரீட்சை பிற்போடப்பட்டு, கணக்கியல் பரீட்சை நடக்கும் அதே வாரத்தில் வந்து விழுந்தது. இரண்டையும் எழுதினாள். கணக்கியலில் ஒரு பாடம் தவறியது. புவியியலில் சிறப்புப் பட்டத்திற்குத் தேவையான பெறுபேறும் மயிரிழையில் தவறியது.

"கஷ்டம் என்று தெரிந்ததும் ஒன்றை விட்டிருக்கலாமே, மகள்?" என்று கேட்டேன்.

"உம்மாவின் காப்பு அடகில் இருக்கும்போது எப்படி விடுவது?" என்றாள்.

அந்தப் பதில்தான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

இரண்டு படிப்பு என்றால் என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரே பட்டத்துக்குள் இரண்டு பிரதான பாடங்களைத் தெரிவு செய்யலாம். அங்கே நிறுவனமும் நேர அட்டவணையும் ஒன்றே. இரு பாடங்களுக்கும் பொதுவான சில வகுப்புகள் இரண்டு பக்கமும் கணக்கில் சேர்வதும் உண்டு. நம் நாட்டில் இரண்டு படிப்பு என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள், இரண்டு கட்டணங்கள், இரண்டு பரீட்சைகள் என்றுதான் அர்த்தம். பல்கலைக்கழகப் பட்டத்தோடு கணக்கியல் படிப்போர் இருக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதிக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவு செய்வோரும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை செய்கிறதே என்று ஒப்பிடுமுன் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

மணிக்கணக்கு

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 திறமைப் புள்ளிகள் தேவை. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 புள்ளிகள். அதாவது வருடத்துக்கு 30. ஒரு புள்ளி என்பது 50 மணி நேரப் படிப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். ஆக வருடத்துக்கு 1500 மணி. பரீட்சைக் காலத்தையும் சேர்த்து 40 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 38 மணி. பல்கலைக்கழகப் படிப்பு என்பதே ஒரு முழுநேர வேலை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி. தூக்கத்துக்கு 56 போகட்டும். சாப்பாடு, குளிப்பு, தொழுகை, துணி துவைத்தல், போக்குவரத்து என்று நாளுக்கு 5 மணி வைத்தால் இன்னுமொரு 35. மிஞ்சுவது 77. அதில் பட்டப்படிப்புக்கு 38 போனால் 39 மணி இருக்கும். வார இறுதி வகுப்பு, அதற்கான வீட்டுப் பயிற்சி, பிரயாணம் ஆகியவற்றுக்கு 20 மணி வைத்தாலும் இன்னும் 19 மணி கையில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம்.

உண்மைதான். கணக்கின்படி இது முடியாத காரியமல்ல. செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 19 மணிக்குள்தான் காய்ச்சல் வர வேண்டும், வீட்டில் கல்யாணம் வர வேண்டும், தோழியோடு நாலு வார்த்தை பேச வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் மகளாக இருந்தால் சமையலறையும் உண்டு. அந்த மணிகளை யாரும் எண்ணுவதில்லை. படிக்கிற மகனுக்கு விட்டுக்கொடுக்கும் நேரத்தைப் படிக்கிற மகளுக்கும் நாம் விட்டுக்கொடுக்கிறோமா?

நாட்காட்டி சொல்லும் பாடம்

இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. தொழில்சார் பரீட்சைகளின் திகதிகள் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு அப்படியே நடக்கின்றன. பல்கலைக்கழக நாட்காட்டியோ நம் நாட்டில் அடிக்கடி நகர்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஒன்று நகர்ந்து மற்றது நகராமல் நிற்கும்போது இரண்டும் ஒரு நாள் மோதத்தான் செய்யும். மோதும் வாரத்தில் எதை விடுவது என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு அதைத் தீர்மானிக்க முடியாது.

பதிவு செய்யுமுன் மூன்று கேள்விகள்

முதலாவது: இரண்டாவது படிப்பு திறக்கும் கதவு எது? "எதற்கும் இருக்கட்டும்" என்பது பதிலல்ல. முகாமைத்துவ பீடத்தில் கணக்கியல் படிப்பவருக்குத் தொழில்சார் பரீட்சையில் சில பாடங்களுக்கு விலக்களிப்புக் கிடைக்கலாம். அங்கே ஒரு படிப்பு மற்றதற்குக் கைகொடுக்கிறது. புவியியலும் கணக்கியலும் அப்படியல்ல. ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து தனித்தனியே கற்க வேண்டும். பட்டயக் கணக்காளர் ஆவதற்கு வருடக் கணக்கில் நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். அதை விரிவுரைகளுக்கு இடையில் செருக முடியாது.

இரண்டாவது: இதனால் முதலாவது படிப்பில் எதை இழக்கலாம்? பல பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப வருடப் பெறுபேறுகளை வைத்தே நடக்கிறது. விரிவுரையாளராக வரவோ ஆய்வுப் பட்டம் செய்யவோ விரும்புவோருக்குச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும்தான் நேர்வழி. அந்தக் கதவு ஒரு தடவை மூடினால் மீண்டும் திறப்பது கடினம். கணக்கியல் பரீட்சையோ அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும்.

மூன்றாவது: இது யாருடைய ஆசை? சாச்சாவின் ஆசையா, வாப்பாவின் பயமா, பிள்ளையின் விருப்பமா? சுமக்கப் போகிறவர் பிள்ளை. மஷூரா செய்யும்போது பிள்ளையையும் இருத்தி, அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். நிர்வாக விடயங்களைப் பீடத்தின் மாணவர் ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இன்னொரு நிறுவனத்தில் பதிவு செய்வதற்குத் தடை ஏதும் உண்டா என்பதையும் பணம் கட்டுமுன் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக

என்னுடைய எண்ணத்தைக் கேட்டால், முதல் வருடத்தை முதல் படிப்புக்கே விட்டுவிடுங்கள். புதிய இடம், புதிய மொழிச் சூழல், விடுதி வாழ்க்கை ஆகியவற்றோடு பழகுவதே அந்த வருடத்துக்குப் போதுமான பாடம். கூடவே ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால் ஆங்கிலத்தையும் கணினியையும் நன்றாகக் கற்கட்டும். எந்தப் பாடத்துக்கும் அவை உதவும். பெறுபேறு வந்த பின் மற்றதை யோசிக்கலாம்.

பல தகைமைகளைப் பட்டத்துக்குப் பிறகு, தொழில் செய்துகொண்டே பெறலாம். ஆசிரியர்களாக இருக்கும் பட்டதாரிகள் எத்தனையோ பேர் கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமாவை அப்படித்தான் முடித்திருக்கிறார்கள். நம் முன்னோரிலும் உதாரணம் உண்டு. சித்திலெப்பை சட்டத்தரணியாகத் தொழிலில் காலூன்றிய பிறகே 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பல துறைகளில் பெயர் பெற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தொடங்கவில்லை.

அப்படியும் இரண்டையும் சேர்த்துச் செய்வது என்று முடிவெடுத்தால் ஒரு நிபந்தனையோடு தொடங்குங்கள். "ஓர் அரையாண்டு பார்ப்போம். பெறுபேறு இறங்கினால் இரண்டாவதை நிறுத்திவிடலாம். கட்டிய பணத்தைப் பற்றி யாரும் உன்னிடம் பேசமாட்டோம்." இதைப் பெற்றோர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை தானாக நிறுத்தாது.

அந்த மகள் இப்போது மூன்று வருடப் பொதுப் பட்டத்தை முடித்து ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தவறிய கணக்கியல் பாடத்தை மாலை வகுப்புக்குப் போய்ச் சித்தியடைந்துவிட்டாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எழுதி வருகிறாள். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் உம்மாவின் காப்பை மீட்டுக் கொடுத்ததாகச் சொன்னாள். புவியியலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளையிடம் நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.